சிபிஎஸ்இ உளவியல்: எந்த வரிசையில் படிப்பது, எங்கே மதிப்பெண் நழுவுகிறது

உளவியல் புத்தகத்தை முதல்முறை புரட்டும்போது எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். கணக்கு இல்லை, சமன்பாடு இல்லை, படித்தால் கதை மாதிரி புரிகிறது. முதல் பருவத் தேர்வின் விடைத்தாள் வந்ததும் அந்த நிம்மதி காணாமல் போய்விடும். "எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன், ஏன் பாதி மார்க்?" என்று விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வராத பிள்ளையை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

இந்த வழிகாட்டி சிபிஎஸ்இ-யில் 037 என்ற எண் கொண்ட உளவியல் பாடத்துக்கானது. பதினோராம் வகுப்பில் சேரப்போகிறவர்கள் முதலிலிருந்து படிக்கலாம். ஏற்கெனவே பன்னிரண்டில் இருப்பவர்கள் மூன்றாம் பகுதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்துக்குப் போய்விடலாம்.

1. எடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம். செய்முறை இருப்பதால், பள்ளியில் உளவியல் படித்த ஆசிரியர் இருக்கிறாரா, உளவியல் சோதனைகளின் கையேடுகளும் வினாப் படிவங்களும் இருக்கின்றனவா என்று சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள். வேறு பாட ஆசிரியர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்தது, எந்தப் பாடத்துக்குப் பதிலாக இதை எடுக்கிறீர்கள் என்பது. உயிரியல் பிரிவில் கணக்கை விட்டுவிட்டு உளவியல் எடுப்பது பரவலான வழக்கம். மருத்துவம் ஒன்றே குறி என்றால் அதில் தவறில்லை. ஆனால் ஒருவேளை பொறியியலுக்குப் போகலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், கணக்கை விடுவது அந்தக் கதவைச் சாத்திவிடும். பிள்ளைகள் இதைப் பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில்தான் கவனிக்கிறார்கள்.

பெற்றோர் கேட்கும் இன்னொரு கேள்வி: கல்லூரியில் உளவியல் படிக்கப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டுமா? பெரும்பாலான கல்லூரிகள் இளநிலைப் பட்டத்துக்கு அப்படிக் கேட்பதில்லை. ஆகவே அந்தப் பயத்தில் எடுக்க வேண்டாம். பத்தி பத்தியாக ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் சலிப்பு இல்லாதவர்கள் எடுக்கட்டும். இந்தப் பாடத்துக்கு மனிதர்கள்மேல் ஆர்வம் இருப்பதைவிட அது முக்கியம்.

2. முதல் வகுப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

என்சிஇஆர்டி-யின் இரண்டு புத்தகங்களும் இணையத்தில் இலவசம். சிபிஎஸ்இ தளத்திலிருந்து அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். அக்கா, அண்ணன் படித்த பழைய புத்தகம் இருக்கிறதே என்று அதை வைத்துப் படிப்பவர்கள் ஜாக்கிரதை. 2022-க்குப் பிறகு பாடங்கள் குறைக்கப்பட்டன. பழைய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் மூளை, நரம்பு மண்டலம் பற்றிய ஒரு முழுப் பாடம் உண்டு, பன்னிரண்டில் கடைசியில் இரண்டு பாடங்கள் உண்டு. இவை இப்போது இல்லை. தேர்வில் வராத நியூரான் படத்தை வாரக்கணக்கில் வரைந்து பழகியவர்கள் இருக்கிறார்கள்.

சிபிஎஸ்இ வெளியிடும் மாதிரி வினாத்தாளை அதன் மதிப்பெண் பங்கீட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். வினாத்தாளைவிட அந்தப் பங்கீடுதான் உபயோகம். எந்தச் சொல்லுக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் தெரியும்.

ஒரு தடிமனான நோட்டு. இடது பக்கத்தில் ஆங்கிலக் கலைச்சொல், வலது பக்கத்தில் அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பது தமிழில், அதன்கீழ் உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்த்த ஓர் உதாரணம். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். ஆனால் கருத்தைத் தமிழில் பிடித்தவர்களுக்கு ஆங்கில வாக்கியம் மறந்தாலும் விடை மறப்பதில்லை. வழிகாட்டிப் புத்தகங்கள் எதையும் இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டாம். அவை கலைச்சொற்களைச் சுருக்கி, சில சமயம் மாற்றியும் போட்டுவிடுகின்றன.

3. ஆய்வு முறைகள் பாடத்தை முதலில் முடியுங்கள்

பதினோராம் வகுப்பில் இரண்டாவது பாடமாக வருவது ஆய்வு முறைகள். வறட்சியான பாடம். எல்லோரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நினைவாற்றல், உணர்ச்சி என்று சுவையான பாடங்களுக்குத் தாவிவிடுகிறார்கள். இந்த ஒரு பாடம் நிற்காவிட்டால் இரண்டு ஆண்டுகளும் தடுமாற்றம்தான். பின்னால் வரும் ஒவ்வொரு பாடத்திலும் ஏதோ ஒரு சோதனை வரும். பதினோராம் வகுப்புச் செய்முறையும் இதன்மேல்தான் நிற்கிறது.

இதில் முதலில் பிடிக்க வேண்டியது சாரா மாறி, சார்ந்த மாறி. ஆங்கிலத்தில் இன்டிபென்டென்ட் வேரியபிள், டிபென்டென்ட் வேரியபிள். ஆய்வாளர் மாற்றுவது முதலாவது, அதன் விளைவாக அளக்கப்படுவது இரண்டாவது. வரையறையை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒரு சோதனையைக் கொடுத்து இரண்டையும் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட புகை சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார்கள். சுவரிலிருந்து புகை வருகிறது. சிலர் தனியாக இருந்தார்கள். சிலர், தங்களைப் போலவே எதுவும் தெரியாத இருவரோடு இருந்தார்கள். இன்னும் சிலர், புகையைக் கண்டும் காணாமல் இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு இருந்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். மூவர் குழுக்களில் 38 சதவீதம். சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் வெறும் 10 சதவீதம்.

இங்கே சாரா மாறி எது என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் "புகை" என்பார்கள். புகை எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் வந்தது. மாற்றப்பட்டது, உடன் இருந்தவர்கள். அதுதான் சாரா மாறி. புகையைப் பற்றிப் போய்ச் சொன்னார்களா என்பது சார்ந்த மாறி. "ஆய்வாளர் எதைக் குழுவுக்குக் குழு மாற்றினார்?" என்று கேட்டுப் பாருங்கள், விடை தானாக வரும். ஒவ்வொரு பாடத்தில் வரும் சோதனைக்கும் இந்தக் கேள்வியை நோட்டில் எழுதி விடை போடுங்கள்.

அடுத்தது தொடர்புக் கெழு, கோரிலேஷன். இரண்டு விஷயங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண் இது. அது -1 முதல் +1 வரை போகும். -0.8 என்பது +0.5-ஐவிட வலுவான தொடர்பு. கழித்தல் குறி இருப்பதால் தொடர்பே குறைவு என்று எழுதுவது பழகிப்போன தவறு. தொடர்பு இருக்கிறது என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் மன அழுத்தம், நோய் பற்றி எழுதும்போது இது தேவைப்படும்.

4. பதினோராம் வகுப்பின் மற்ற பாடங்கள்

ஆய்வு முறைகளுக்குப் பிறகு கற்றல், அப்புறம் நினைவாற்றல். புத்தக வரிசை இப்படி இல்லை. ஆனால் இந்த இரண்டிலும் சோதனைகள் அதிகம், முந்தைய பாடம் கை பழகும். வளர்ச்சி, சிந்தனை, ஊக்கம், உணர்ச்சி ஆகியவற்றைப் பள்ளி நடத்தும் வேகத்தில் தொடரலாம். முதல் பாடமான 'உளவியல் என்றால் என்ன' என்பதைக் கடைசியில் மறுபடி படியுங்கள். அதில் வரும் உளவியல் சிந்தனைப் பள்ளிகளின் பெயர்கள் அப்போதுதான் அர்த்தமாகும்.

கற்றல் பாடத்தில் ஒரே ஓர் இடத்தில் நிதானியுங்கள்: எதிர்மறை வலுவூட்டல், தண்டனை. இரண்டும் ஒன்று என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருப்பார்கள். மாலையில் கொசு கடிக்கிறது, கொசுவத்தி ஏற்றுகிறோம், கடி நிற்கிறது, மறுநாளும் ஏற்றுகிறோம். தொந்தரவு விலகியதால் ஒரு நடத்தை கூடியது. இது எதிர்மறை வலுவூட்டல். தாமதமாக வந்த மாணவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, மறுநாள் அவன் நேரத்துக்கு வந்தால் அது தண்டனை. அங்கே தாமதமாக வரும் நடத்தை குறைந்தது. நடத்தை கூடியதா, குறைந்ததா என்று பார்த்தால் போதும்.

நினைவாற்றலில் அட்கின்சன், ஷிஃப்ரின் 1968-இல் சொன்ன நிலை மாதிரியைப் படமாக வரையுங்கள். அதன் பக்கத்திலேயே கிரெய்க், லாக்ஹார்ட் 1972-இல் சொன்ன செயலாக்க ஆழத்தை எழுதி, முதலாவது எங்கே சேமிக்கிறோம் என்று கேட்கிறது, இரண்டாவது எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறோம் என்று கேட்கிறது என்று குறித்துவையுங்கள். தனித்தனியாகப் படித்தால் தேர்வில் இரண்டும் கலந்துவிடும்.

வளர்ச்சிப் பாடத்தில், பிள்ளைகளின் சிந்தனை வளர்வதைப் பற்றி பியாஜே சொன்ன நான்கு நிலைகளுக்கும் வயதோடு தெருவில் பார்த்த ஒரு பிள்ளையை உதாரணமாக வையுங்கள். அங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

5. பன்னிரண்டாம் வகுப்பு: ஆவலை அடக்குங்கள்

புத்தகம் வந்த அன்றே எல்லோரும் நேராக நான்காம் பாடத்துக்குப் போவார்கள், உளவியல் கோளாறுகள். படிக்கட்டும், யாரும் தடுக்க முடியாது. படிப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான். அந்தப் பாடத்துக்கு முன் மூன்று பாடங்கள் முடிந்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் பாடமான தன்னுணர்வும் ஆளுமையும் பகுதியில் ஃபிராய்டின் இட் (அடிப்படை உந்துதல்கள்), ஈகோ (நடைமுறையைப் பார்ப்பது), சூப்பர் ஈகோ (மனச்சாட்சி) வரும். கோளாறுகளில் உளப்பகுப்பாய்வு விளக்கமும், சிகிச்சை முறைகளில் ட்ரான்ஸ்ஃபரன்ஸும் (பழைய உறவுகளின் உணர்வைச் சிகிச்சையாளர்மேல் ஏற்றுவது) இதை வைத்தே பேசுகின்றன. மூன்றாம் பாடம் மன அழுத்தம். அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையாக ஹான்ஸ் செல்யே சொன்ன எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்வு என்ற மூன்று கட்டங்கள் அதில் உண்டு. ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் பாதிப்புக்கூறும் வெளியிலிருந்து வரும் அழுத்தமும் சேர்ந்தால்தான் கோளாறு வெளிப்படுகிறது என்று நான்காம் பாடத்தில் ஒரு மாதிரி வரும். அழுத்தம் படிக்காமல் அதைப் படித்தால் வெறும் மனப்பாடம். நான்கும் ஐந்தும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியவை: கோளாறைப் படித்த கையோடு அதற்கான சிகிச்சையையும் பார்த்துவிடுங்கள்.

சமீப ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு பாடங்களுக்கும் தலா 13 மதிப்பெண், கோளாறுகளுக்கு 12, அழுத்தத்துக்கும் சிகிச்சைக்கும் தலா 9, மனப்பான்மைக்கு 8, குழுப் பாடத்துக்கு 6. ஆவலோடு படித்த பாடம் 12 தருகிறது. யாரும் ஆவலாகப் படிக்காத முதல் பாடமான நுண்ணறிவு அதைவிட ஒன்று கூடுதலாகத் தருகிறது.

நுண்ணறிவுக் கோட்பாடுகளைப் பெயர் பெயராக ஒப்பிக்க வேண்டாம். "நுண்ணறிவு ஒன்றா, பலவா?" என்ற கேள்வியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஸ்பியர்மேன் ஒரு பொதுத்திறனும் அதோடு தனித்திறன்களும் என்கிறார், தர்ஸ்டன் ஏழு அடிப்படைத் திறன்கள் என்கிறார், கார்ட்னர் எட்டு தனித்தனி நுண்ணறிவுகள் என்கிறார். ஜே.பி. தாஸும் நாக்லியேரியும் கிர்பியும் இந்தக் கேள்வியையே விட்டுவிட்டு, மூளை தகவலை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கிறார்கள். நுண்ணறிவு ஈவுக்கான சூத்திரம், மன வயதை உடல் வயதால் வகுத்து நூறால் பெருக்குவது. பத்து வயதுப் பிள்ளையின் மன வயது 12 என்றால் ஈவு 120. தலைகீழாக வகுத்து 83 என்று எழுதியவர்கள் உண்டு.

கோளாறுகள் பாடத்தில் மாட்டிக்கொள்ளும் ஜோடிகள் சில. இல்லாததைக் காண்பதும் கேட்பதும் மாயத்தோற்றம், ஆதாரம் காட்டினாலும் மாறாத பொய்யான நம்பிக்கை மருட்சி. ஸ்கிசோஃப்ரினியாவில் 'பாசிட்டிவ்' அறிகுறி என்றால் நல்லது என்று பொருளில்லை. இயல்பில் இல்லாத ஒன்று கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பேச்சு குறைவது, உணர்ச்சி மங்குவது போன்ற இழப்புகள் 'நெகட்டிவ்'.

இந்தப் பாடம் நடக்கும் மாதத்தில் வகுப்பில் எல்லோருக்கும் எல்லாக் கோளாறும் இருப்பதாகத் தோன்றும். நண்பனுக்கு பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறுவது), அத்தைக்கு ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வருவது) என்று முத்திரை குத்த ஆரம்பிப்பார்கள். அறிகுறி எத்தனை நாள் நீடிக்கிறது, அன்றாட வாழ்க்கையை முடக்குகிறதா என்பதைப் பார்க்காமல் கோளாறு என்று சொல்ல முடியாது. நிஜமாகவே மனது சரியில்லை என்று தோன்றினால் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போங்கள்.

6. செய்முறை: ஆகஸ்டில் தொடங்குங்கள், ஜனவரியில் அல்ல

பன்னிரண்டில் ஐந்து உளவியல் சோதனைகளை நடத்திப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஒருவரைப் பற்றிய விவர ஆய்வு ஒன்றும் தயாரிக்க வேண்டும். பதிவேடு, விவர ஆய்வு இரண்டுக்கும் சேர்த்து 10, வாய்மொழித் தேர்வுக்கு 5, அன்று தரப்படும் இரண்டு செய்முறைகளுக்கு 15. அந்தப் பதினைந்தில் நடத்துவதற்கு 5, அறிக்கைக்கு 10. அறிக்கைதான் மதிப்பெண் உள்ள இடம் என்பதைக் கவனியுங்கள்.

சோதனைக்கு உட்படுகிறவரை முதலில் பேச்சுக்கொடுத்து இயல்பாக்குங்கள். அப்புறம் கையேட்டில் உள்ள அறிவுறுத்தலை அப்படியே படியுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் விளக்கினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சோதனை நடந்ததாகிவிடும், ஒப்பிட முடியாது. முடிந்ததும் அவருக்கு எப்படி இருந்தது என்று கேட்டு அவர் வாய்வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இன்ட்ரோஸ்பெக்டிவ் ரிப்போர்ட் என்று அதற்குத் தனித் தலைப்பு உண்டு. "எனக்கு நன்றாக இருந்தது" என்று வகுப்பு முழுவதும் ஒரே வரி எழுதியிருந்தால் தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெரிய தவறு விளக்கத்தில்தான் நடக்கிறது. ரேவனின் ஸ்டாண்டர்ட் ப்ரோக்ரெசிவ் மேட்ரிசஸ் சோதனையில் மொத்தம் 60 கேள்விகள், ஐந்து தொகுதி, தொகுதிக்குப் பன்னிரண்டு. ஒருவர் 45 சரியாகப் போட்டார் என்று வையுங்கள். "நுண்ணறிவு 75 சதவீதம்" என்று எழுதிவிடுவார்கள். அந்த 45 வெறும் கச்சா மதிப்பெண். கையேட்டில் அவர் வயதுக்கான அட்டவணையைப் பார்த்து, அந்த வயதினரில் அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று பர்சன்டைலாக மாற்ற வேண்டும். சதவீதம், அவர் எத்தனை கேள்விக்குச் சரியாக விடை தந்தார் என்று சொல்கிறது. பர்சன்டைல், அவரைவிடக் குறைவாக எடுத்தவர்கள் நூற்றில் எத்தனை பேர் என்று சொல்கிறது. வாய்மொழித் தேர்வில் இந்த வித்தியாசத்தைக் கேட்காத தேர்வாளர் குறைவு.

விவர ஆய்வுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பரபரப்பான கதையைத் தேட வேண்டாம். பேச விருப்பமுள்ள, பலமுறை சந்திக்கக்கூடிய ஒருவர் போதும். அனுமதி கேளுங்கள், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடமும். உண்மைப் பெயரை எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை ஒரு பத்தியிலும் அதிலிருந்து ஊகித்ததை வேறு பத்தியிலும் வையுங்கள். "பதில் சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை" என்பது பார்த்தது. "தன்னம்பிக்கை இல்லாதவர்" என்பது ஊகம்.

சோதனைப் படிவங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வேண்டாம். விடை முன்பே தெரிந்தவரிடம் அந்தச் சோதனை எதையும் அளக்காது.

7. விடை எழுதும் முறை

அண்மை மாதிரி வினாத்தாள்களின் அமைப்பு இது: ஒரு மதிப்பெண் பதினான்கு, இரண்டு மதிப்பெண் ஐந்து, மூன்று மதிப்பெண் நான்கு, நான்கு மதிப்பெண் நான்கு, ஆறு மதிப்பெண் இரண்டு, கடைசியில் நிகழ்வு சார்ந்த கேள்விகளுக்கு 6. ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், உங்கள் ஆண்டுத் தாளோடு சரிபாருங்கள்.

நான்கு மதிப்பெண் என்றால் நான்கு தனிக் கருத்துகள். ஒரே கருத்தை நான்கு விதமாகச் சொன்னால் ஒரு மதிப்பெண்தான். கலைச்சொல்லில் தொடங்கி, ஒரு வரியில் வரையறை, சொன்னவர் பெயர், பிறகு உதாரணம் என்று போங்கள். உதாரணத்தில் தொடங்கிய விடைகள் பெரும்பாலும் வரையறைக்கு வந்தே சேர்வதில்லை.

நிகழ்வுக் கேள்வியில் ஒன்றைப் பாருங்கள். ஒரு மாணவி வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறாள். பூட்டவில்லையோ, திருடன் வந்துவிடுவானோ என்ற எண்ணம் வேண்டாமென்றாலும் வந்துகொண்டே இருக்கிறது. ஏழெட்டு முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறாள், தினமும் பள்ளிக்குத் தாமதம். என்ன கோளாறு, காரணம் காட்டுக.

"அவளுக்கு ஓசிடி, ஏனென்றால் அவள் மிகவும் பயப்படுகிறாள்" என்று எழுதினால் பெயருக்கு மட்டும் மதிப்பெண் விழும். எழுத வேண்டியது இப்படி: விரும்பாமலேயே திரும்பத் திரும்ப வரும் திருடன் பற்றிய எண்ணம் அப்செஷன். அந்தப் பதற்றத்தைத் தணிக்க மறுபடி மறுபடி பூட்டை இழுத்துப் பார்ப்பது கம்பல்ஷன். தினமும் தாமதமாவது, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவதற்குச் சான்று. பத்தியில் உள்ள வார்த்தையை எடுத்து, அதன் பக்கத்தில் கலைச்சொல்லை வைக்க வேண்டும். பத்தியிலிருந்து எதையும் எடுக்காத விடை, எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொதுக் கட்டுரைதான்.

8. கடைசி இரண்டு மாதம்

புதிதாக எதையும் படிக்க வேண்டாம். நோட்டின் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு இடது பக்கச் சொற்களுக்கு விடை சொல்லிப் பாருங்கள். வாரம் ஒரு முழுத் தாள், மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஆறு மதிப்பெண் கேள்விகளைக் கடைசிக்கு ஒதுக்குபவர்களுக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. நிகழ்வுக் கேள்விகளை ஆரம்பத்திலேயே முடித்துவிட்டு ஆறு மதிப்பெண்ணுக்குப் போவது பலருக்குச் சரிப்பட்டு வருகிறது. வினாத்தாள் படிக்கத் தரும் 15 நிமிடத்தில் நிகழ்வுப் பத்திகளை மனதில் ஏற்றிவிட்டால் இது இன்னும் சுலபம்.

எழுதிய தாளை நீங்களே மதிப்பெண் பங்கீட்டை வைத்துத் திருத்துங்கள். சந்தேகம் வந்த இடங்களில் உங்களுக்குச் சாதகமாகப் போடாமல், மதிப்பெண்ணைக் குறைத்தே போடுங்கள். மூன்று தாள்களில் ஒரே இடத்தில் மதிப்பெண் போகிறதென்றால், அந்தப் பாடத்தை வழிகாட்டிப் புத்தகத்தில் தேடாமல் என்சிஇஆர்டி-யில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படியுங்கள்.